வெள்ளிக்காசில் வந்த பங்காளி

என் ஒன்பதாவது வயதில் எங்கள் குடும்பத்துக்குத் திடீரென்று ஒரு முப்பாட்டன் கிடைத்தார். அதுவரைக்கும் எங்களுக்குத் தாத்தாவுக்கு மேலே யாரையும் தெரியாது. தாத்தாவைப் பற்றியும், கரடி துரத்தி ஒருமுறை மரமேறினார், இறங்க மறந்து மறுநாள் வரை அங்கேயே இருந்தார் என்பதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில், தலையில் இலைமாலை கட்டி, கழுத்தை நிமிர்த்தி, எடுப்பான மூக்கோடு, அதுவும் முழு வெள்ளியில் ஒருவர் வந்து இறங்கினால் சும்மா இருப்பார்களா? யாருக்கும் தலைகால் புரியவில்லை. அவர் வந்த மாதமே என் அத்தையின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தார். அதற்கு வழி செய்து கொடுத்தவள் நான்.

அப்போது வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலையில் பல ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்போம். எங்களுடையது குண்டூர் நாடு. பட்டுப்போன பலாமரம் ஒன்றை வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாமை விதைக்கலாம் என்று அப்பாவும் பெரியப்பாவும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை ஒரு மண்கலயத்தில் இறங்கியது. உள்ளே கருத்துப்போன வில்லைகள். அம்மா ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். வெள்ளி பளிச்சென்று வந்தது. கூடவே அந்த மூக்கும் வந்தது.

என் பெரியப்பா இரண்டு தடவை சேலம் போய் வந்தவர். அதனால் எங்கள் வீட்டில் ‘தெரியாது’ என்ற சொல்லை அவர் மட்டும் சொல்ல மாட்டார். காசை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக விளக்கினார். சர்க்கார் ரூபாயில் இருக்கிற வெள்ளைக்கார ராஜாவுக்குத் தாடி உண்டு, கிரீடம் உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. ஆகவே இவர் வெள்ளைக்காரர் இல்லை. தலையில் கட்டியிருப்பது இலை. பிடரியில் தொங்குவது குடுமி முடிச்சு. சாமி கும்பிடும்போது தலையில் இலை கட்டிக்கொள்கிற, குடுமி வைத்த ஜனம் இந்த உலகத்தில் யார்? நாம்தான். நம் நிலத்தில், நம் மரத்தடியில் இருக்கிறார். வேறு யாராக இருக்க முடியும்? சுற்றிலும் ஓடிய எழுத்து என்ன என்று அப்பா கேட்டதற்கு, அந்தக் காலத்துத் தமிழ் என்று சொல்லி முடித்துவிட்டார்.

காசின் பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நீளமாக ஒரு கோல், இன்னொரு கையில் ஏதோ ஒரு கொத்து. கொத்து மிளகுக்கொடி என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. கோலைப் பார்த்த மாத்திரத்தில் அம்மா உலக்கை என்று சொல்லிவிட்டாள். உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குத்தாமல் உட்கார்ந்திருக்கிறாளே, கொடுத்துவைத்த மகராசி என்று பெருமூச்சும் விட்டாள். ஆக முப்பாட்டியும் கிடைத்துவிட்டாள்.

கலயத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது, சர்க்காருக்குத் தெரிந்தால் முப்பாட்டனைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியப்பா எல்லோரையும் மிரட்டி வைத்தார். என்னை மட்டும் தனியாக இரண்டு தடவை மிரட்டினார். என் வாயைப் பற்றி அவருக்கு அவ்வளவு மரியாதை.

இப்போது அத்தைக்கு வருகிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அவள் கடைசித் தங்கை. அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்ததால் என்னை வளர்த்ததெல்லாம் அத்தைதான். ஒரே கம்பளியில்தான் தூங்குவோம். வளப்பூர் நாட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடிப் பதினெட்டுத் திருவிழாக் கூட்டத்தில் அவனை அவள் பார்த்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வளப்பூர் என்ற பேச்சு வந்தாலே என் தலையை வாருகிற சீப்பு நின்றுவிடும். எனக்கு அந்த வளப்பூரை அறவே பிடிக்கவில்லை. அத்தையைக் கொண்டுபோகிற ஊர் எனக்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?

பேச்சு முடிக்க மாப்பிள்ளை வீட்டார் நடந்தே வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துப் பலாச்சுளை கொடுத்தாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிக்காசு தொங்கியது. அவர்கள் வீட்டில் மாமியார் கழுத்துக் காசை, பேச்சு முடிந்ததும் வரப்போகிற மருமகள் கழுத்தில் போடுவது வழக்கம். அதற்காகவே அதைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் காசு சரியாக என் மூக்குக்கு நேரே ஆடியது. அதே இலை. அதே குடுமி முடிச்சு. அதே மூக்கு.

“இந்தத் தாத்தா எங்க ஊட்டுலயும் இருக்காருங்க. கலயம் நெறைய இருக்காரு” என்றேன்.

வாயில் சுளை இருந்தும் எப்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கே ஆச்சரியம்தான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா நினைத்திருந்தால், பிள்ளை உளறுகிறது என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் தன் முப்பாட்டன் இன்னொருத்தி கழுத்தில் தொங்குகிறார் என்று கேட்ட பிறகு அவரால் உட்கார முடியவில்லை. விறுவிறென்று உள்ளே போய் ஒரு காசை எடுத்து வந்து, தாம்பாளத்து வெற்றிலையின் மேல் வைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் மனைவியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு வீட்டுத் தலைகளும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

இவர் எங்கள் முப்பாட்டன் என்றார் பெரியப்பா. அதெப்படி, தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் இருந்தவர், எங்கள் முப்பாட்டன் என்றார் அவர். காசைத் திருப்பினார்கள். எங்கள் காசில் முப்பாட்டி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் காசில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். ஆளுக்கொரு வட்டமான சாமானைத் தரையில் ஊன்றிப் பிடித்திருந்தார்கள். எங்கள் மலையில் எந்தக் கதையும் அண்ணன் தம்பியில் இருந்துதான் தொடங்கும். ஆகவே பார்த்தவர்கள் எல்லோருமே அண்ணன் தம்பி என்றார்கள். சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் ஒவ்வொருவருக்காக உறைத்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே முப்பாட்டன். அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவன் வழி நாங்கள், மற்றவன் வழி அவர்கள்.

அப்படியென்றால் இரண்டு வீடும் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. தங்கையைக் கட்டுகிறவனுக்கு எங்கள் மலையில் தண்ணீர்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பாவத்துக்குப் பிறக்கிற பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா கயிற்றை எடுத்துத் தன் கழுத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் நின்ற அத்தை அதைப் பார்த்தாள்.

சரி, கல்யாணம் நின்றது, அழுதுவிட்டுப் போவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஆண்களுக்கு அதற்கு நேரம் இல்லை. பங்காளி என்றால் யார் அண்ணன் வழி, யார் தம்பி வழி என்று உடனே தெரிந்தாக வேண்டுமே. அண்ணன் வழிக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை. காலையில் பெரியப்பாவை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மாப்பிள்ளையின் அப்பா மத்தியானம் தம்பி என்று கூப்பிட்டார். பெரியப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கலயம் எங்களிடம் இருக்கிறது, ஆகவே நாங்கள்தான் அண்ணன் என்றார். முப்பாட்டன் தன் மகன்களை எங்கள் காசில்தான் நிற்கவைத்தார், உங்கள் காசில் வெறும் பொம்பளை என்றார் அவர். வழக்கு நாட்டுப் பட்டக்காரருக்குப் போனது. எங்கள் நாட்டுக்கே பெரிய மனிதர் அவர். எட்டாம் நாள் கோயிலடியில் கூடுவது என்று முடிவாயிற்று. அது முப்பாட்டன் மரியாதைக்கான கூட்டம். அத்தையின் கல்யாணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு முதல் நாள் ஒரே குஷி. அத்தை இனி எங்கேயும் போகமாட்டாள். இரண்டாம் நாள்தான் தெரிந்தது, அத்தை என்னோடு பேசுவதில்லை என்று. சோறு போட்டாள், பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று வம்புக்கு ஒரு குடத்தை உடைத்தேன். அதற்கும் அம்மாதான் அடித்தாள். நான்காம் நாள் சாமை குத்திக்கொண்டிருந்தவளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அத்தை உலக்கையை நிறுத்தினாள்.

“நான் சொல்றத அப்படியே சொல்லுவியா, கண்ணு?” என்றாள்.

சொன்னால் என்னோடு பேசுவாயா என்று கேட்டேன். பேசுவேன் என்றாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அதன்பின் மூன்று நாள், சாமை குத்துகிற சத்தத்துக்கு நடுவே, எனக்குப் பாடம் நடந்தது. பின்பக்கத்தைப் பற்றி மட்டும்தான் நான் பேச வேண்டும். முன்பக்கத்துத் தலையை நான் பார்க்கவே கூடாது. மூக்கைப் பற்றி யாராவது கேட்டால் உடனே அழுதுவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அழுவது எனக்குக் கைவந்த கலை.

எட்டாம் நாள் பட்டக்காரர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் மங்கல். காசைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார், மூக்கருகே வைத்துப் பார்த்தார், கடைசியில் கடித்தும் பார்த்தார். இரண்டு ஆண்களில் எவன் உயரமோ அவன் அண்ணன் என்று யாரோ சொன்னார்கள். சாமைத் தாளைக் கிள்ளி அளந்தார்கள். இரண்டு பேரும் ஒரே உயரம். இடப்பக்கம் நிற்பவனா வலப்பக்கம் நிற்பவனா என்று அடுத்த சண்டை தொடங்கியது. அப்போது நான் தண்ணீர்ச் சொம்போடு போனேன். போய், பட்டக்காரர் முன்னால் நின்று, இத்தனை ஆண்களையும் பார்த்ததும், அத்தை சொல்லிக்கொடுத்தது அத்தனையும் மறந்து போய்விட்டது.

சொம்பு சாய்ந்து, தண்ணீர் என் மேலேயே சிந்தியது. உடம்பு வெடவெடவென்று ஆடியது. யாரோ, பிள்ளை மேல் சாமி வந்திருக்கிறது என்றார்கள். அடுத்த நொடி வேப்பிலை வந்தது, சாம்பிராணிப் புகை வந்தது. புகை தாங்காமல் இருமினேன், தலையை உதறினேன். ஆகா, பெரிய சாமிதான் என்று பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேற்றுவரை என் காதைத் திருகியவர் “சொல்லு தாயி” என்று கும்பிட்டபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. பாடமும் ஞாபகம் வந்தது.

“இவங்க ஊட்டுக் காசுல ரெண்டு பேரு தாம்பாளத்தோட நிக்கறாங்க. எங்க ஊட்டுக் காசுல பொண்ணு நாக்காலில உக்காந்திருக்குது. அவங்க பொண்ணு கேக்க வந்திருக்காங்க” என்றேன்.

பட்டக்காரர் இரண்டு காசையும் மறுபடி திருப்பினார். வட்டமான சாமான் தாம்பாளம் என்று சொன்ன பிறகு அது தாம்பாளமாகவே தெரிந்தது. அந்த ஆண்களின் தலைக்கு மேலே சின்னதாக ஒன்று தொங்கியது. அது என்ன என்று பட்டக்காரர் கேட்டார். அகப்பை, கல்யாணச் சோற்றுக்கு என்றேன். அது நிஜமாகவே அகப்பை மாதிரிதான் இருந்தது. ஆக, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக் காசு, ஒன்று பெண் வீட்டுக் காசு. அந்தக் காலத்திலேயே இரண்டு வீடும் சம்பந்தம் செய்திருக்கிறது. பின்னே பங்காளி எங்கே வந்தது?

“அண்ணன் தம்பி இல்லீங்க இவங்க. மாமன் மச்சான்” என்றார் பட்டக்காரர்.

ஒரே ஒரு ஆள் மட்டும், அப்படியென்றால் மூக்கு ஏன் ஒன்றாக இருக்கிறது என்று இழுத்தார். நான் கத்தி அழுதேன். சாமிக்குக் கோபம் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களே அவர் வாயை அடைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோருக்குமே அது பெரிய நிம்மதி. இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு முப்பாட்டன் மிஞ்சினார். யாரும் யாருக்கும் தம்பி இல்லை. மாப்பிள்ளையின் அப்பா பெரியப்பாவைக் கட்டிப்பிடித்து மறுபடி மச்சான் என்றார்.

கலயத்துக் காசு விஷயம் மலை முழுக்கத் தெரிந்துவிட்டதால், சர்க்கார் வருவதற்குள் உருக்கிவிட வேண்டும் என்றார்கள். அத்தைக்குக் கால் தண்டை போடலாம் என்றாள் அம்மா. முப்பாட்டனைக் காலில் மாட்டுவதா என்று பெரியப்பா குதித்தார். கைக்காப்பாக அடித்தார்கள். சாமிப்பெட்டிக்கு என்று ஒரே ஒரு காசை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று நான் மூன்று முறை சாப்பிட்டேன். அத்தை வாசலில் இறங்கி மாப்பிள்ளை வீட்டாரோடு நடக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அடிப்பாவி, என் வாயாலேயே அவளை அனுப்பி வைத்திருக்கிறேனே. ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது பொய், பட்டக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று அலறினேன். அத்தை குனிந்து என் வாயைப் பொத்தினாள். பல் உதட்டில் குத்தி ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்திப் பொத்தினாள். சுற்றி நின்றவர்கள் பிள்ளையின் பாசத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அதையும் சாமி மலையேறிய அலுப்பு என்று சொன்னார்கள்.

பல வருஷம் கழித்து, எனக்கே தலை நரைத்த பிறகு, சரித்திரம் படித்த என் மகள் மதராஸில் ஒரு காட்சிசாலைக்கு என்னைக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் முப்பாட்டன். அதே மூக்கு. பக்கத்திலேயே வளப்பூர் முப்பாட்டன். இரண்டு பேரும் கடலுக்கு அப்பால் ரோமாபுரியை ஆண்ட ராஜாக்களாம். மிளகு வாங்க வந்த கப்பல்களில் இந்தக் காசு வந்ததாம். அந்த வாலிபர்கள் வளப்பூர் ராஜாவின் பேரன்கள், பிடித்திருப்பது கேடயம். நாற்காலியில் இருக்கிறவள் கையில் மிளகுக்கொடி இல்லை, ஏதோ ஒலிவக் கொப்பு. அவள் சமாதானத்தின் உருவம் என்று சிலரும், எங்கள் ராஜாவின் தாயார் என்று சிலரும் சொல்கிறார்களாம். மேலே தொங்கியது மட்டும் நிஜமாகவே அகப்பை; பூசைக்கு உள்ளது. அந்த ஒரு இடத்தில் எனக்கு அசல் சாமியே வந்திருக்குமோ என்று பெருமையாக இருந்தது.

அதைவிட வேடிக்கை, மகள் மேற்கொண்டு சொன்னது. எங்கள் காசு ராஜா, அந்த வளப்பூர் ராஜாவின் மகளைக் கட்டியவராம். மாமனாரும் மருமகனும்! பட்டக்காரர் ஏறக்குறையச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நான் கைதட்டினேன். இரும்மா, பிற்பாடு அதே மருமகனை அவர் மகனாகத் தத்தும் எடுத்துக்கொண்டார் என்றாள். அப்படியானால் மகளைக் கட்டியவன் மகன். பங்காளியும் அவனே, மாப்பிள்ளையும் அவனே. எங்கள் மலையில் செய்திருந்தால் ராஜா என்றும் பார்க்காமல் ஊரை விட்டே தள்ளியிருப்பார்கள். நான் சிரித்த சிரிப்பில் காவல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வருஷமே மகளோடு வளப்பூர் போனேன். அத்தைக்கு ஐந்து பிள்ளைகள், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். மாமா வெளியே வெயிலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மாதிரி கழுத்தை நிமிர்த்திக் காட்டி, பட்டக்காரர் மாதிரி கடித்துக் காட்டி, கதையை நடித்தே சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று பார்த்தேன். அத்தை சிரிக்கவில்லை.

“அப்போ அவங்க ரெண்டு பேரும் நம்ம சனமே இல்லியா?” என்றாள்.

இல்லவே இல்லை, கடல் தாண்டிய ஆட்கள் என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். மகளைப் பார்த்து, நிஜமா, புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று அவளிடமும் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டும் ஒரே மூஞ்சின்னுதான் பட்டுச்சு, கண்ணு. பங்காளிதான்னு நெனச்சேன். நெனச்சும்தான் வந்தேன். அஞ்சு புள்ளைக்கும் பொறந்ததும் மொதல்ல வெரலத்தான் எண்ணிப் பாத்தேன். உங்க மாமங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல.”

மகள் பக்கத்தில் இருந்து, ஆனால் அந்த மருமகனைப் பிறகு அவர் தத்து... என்று தொடங்கினாள். அவள் தொடையில் நன்றாகக் கிள்ளினேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்குச் சோறு போட எழுந்தாள்.

அன்று கோயிலடியில் நான் சொன்னதை ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டு நம்பியது. நம்பாத ஒரே ஆள் கல்யாணப் பெண்தான் என்று ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?